துணைநடிகனின் இரு வேடங்கள்: ஜே சில்வர்ஹீல்ஸ் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற மாரிகாலத்தில், எமது வாசகர் வட்டக் கூட்டமொன்றில், ஒரு நண்பரைப் பலர் முன்னிலையில் நான் 'டொண்டோ' என்று அழைத்தேன். அவர் ஊரில் மேடை நடிகராக அறியப்பட்டவர். இங்கே களஞ்சியமொன்றில் வேலை செய்கிறார். இடைக்கிடை ரொறன்ரோவில் எடுக்கப்படும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களில் டாக்சிச் சாரதியாகவோ மூலைக்கடைக்காரராகவோ சில நிமிடங்கள் தோன்றுவார். கடைசியாக வந்த தொடரில் அவர் பேசிய ஆங்கிலம் அவருடைய சொந்த ஆங்கிலத்தைவிட மிக மோசமாக இருந்தது. உச்சரிப்பைக் கொஞ்சம் கூட்டிப் பேசும்படி நெறியாளர் கேட்டாராம். அவரும் கூட்டிப் பேசியிருக்கிறார். இது கலைஞனின் சரணாகதி என்பது எனது வாதம். நண்பர் கோபிக்கவில்லை. "சேர், நீங்கள் லைனில நிண்டு என்ன இங்கிலீஷ் கதைக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போது லோரன்ஸ் கிழக்கு பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவன் நான். வெக்ஸ்போர்ட்டில், வார்டன் வீதியை அண்டிய தொழிற்சாலை ஒன்றில், பிளாஸ்ரிக் பாகங்களைத் தரம்பிரித்துப் பெட்டியிலிடுவது இப்போது என் தொழில். இயந்திர இரைச்சலிலும் சுப்பர்வைசரின் பொறுமையின்மையிலும் முழு வாக்கியங்களுக்கு இடமில்லை. 'மெஷின் நோ குட்', 'மீ பினிஷ்' என்று சொன்னால் வேலை நடக்கிறது. ஆகவே நான் எறிந்த பெயர் யாருடையது என்று தேடிப்பார்ப்பது எனது கடமையாயிற்று.

முதலில் ஒரு சிறு எழுத்துப் பிரச்சினை. எமது வழக்கப்படி அப்பெயரை 'ரொன்ரோ' என்றே எழுதவேண்டும். அப்படி எழுதினால் 'ரொறன்ரோ'வில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அந்தக் குழப்பம் முற்றிலும் பொருத்தமற்றதல்ல என்றபோதிலும், தெளிவுக்காக 'டொண்டோ' என்றே எழுதுகிறேன்.

'லோன் ரேஞ்சர்' 1933இல் டெட்ராய்ற் நகர வானொலி நிலையமொன்றில் தொடங்கிய நாடகம். முகமூடியணிந்த வெள்ளையன் ஒருவன் மேற்குப் பாலைவெளிகளில் நீதி வழங்கித் திரிகிறான். தனியாகத் திரிபவன் வானொலியில் யாரோடு பேசுவது? அதற்காகச் சில வாரங்களில் உருவாக்கப்பட்ட பூர்வகுடித் துணைவன்தான் டொண்டோ. அதாவது, கதாநாயகன் பேசுவதற்கு ஒரு காது. வானொலியில் அவ்வேடத்துக்குக் குரல் கொடுத்தவர் ஜோன் ரொட் என்ற வெள்ளையர். ஸ்பானிய மொழியில் 'டொண்டோ' என்றால் முட்டாள். ஸ்பானிய மொழியாக்கத்தில் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று.

1949இல் இந்நாடகம் தொலைக்காட்சிக்கு வந்தது. 1957 வரை 221 பகுதிகள். கதாநாயகனாகக் கிளேய்ற்றன் மூர். இடையில் சிறிதுகாலம் ஜோன் ஹார்ட். டொண்டோவாகக் கடைசிவரை நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ். ரேஞ்சரை மாற்றினார்கள், டொண்டோவை மாற்றவில்லை.

சில்வர்ஹீல்ஸ் எங்கிருந்து வந்தவர் என்று பார்த்தபோதுதான் வியந்தேன். அரிசோனா அல்ல, ரெக்ஸாஸ் அல்ல. 1912இல் ஹரோல்ட் ஸ்மித் என்ற பெயருடன் அவர் பிறந்த மண் ஒன்ராறியோவின் பிராண்ட்ஃபோர்ட்டுக்கு அருகே, கிராண்ட் நதிக்கரையிலுள்ள ஆறு தேசங்களின் ஒதுக்கு நிலம். வெக்ஸ்போர்ட்டிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். மோஹோக் இனத்தவர்.

அந்த மண்ணின் கதையும் எமக்கு அந்நியமானதல்ல. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியாவின் பக்கம் நின்ற ஹோடனோசோனி மக்கள், போர் தோற்றதும், இன்றைய நியூயோர்க் மாநிலத்திலிருந்த தமது ஊர்களை இழந்தனர். 1784இல் ஹால்டிமண்ட் பிரகடனம் கிராண்ட் நதியின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல் அகலமான நிலத்தை அவர்களுக்கு வழங்கியது. ஜோசப் பிராண்டின் தலைமையில் அவர்கள் அங்கு குடியேறினர். இன்றைய சொல்லில் கூறுவதானால், அகதிகளாகவே வந்தனர். ஏறத்தாழ 950,000 ஏக்கர் வழங்கப்பட்டதில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவு.

ஸ்மித்தின் தந்தை முதலாம் உலகப்போரில் கனடியப் படையில் அதிகாரியாகப் பணியாற்றிப் பதக்கம் பெற்றவர். போர் முடிந்து சில ஆண்டுகளில், 1923இல், ஆறு தேசங்களின் சார்பில் டெஸ்கஹே என்ற கயூகா தலைவர் தமது மக்களின் சொந்தக் கடவுச்சீட்டுடன் ஜெனீவாவுக்குச் சென்றார். 'எமக்கு நாமே அரசு' என்பதைச் சர்வதேச சங்கத்தின் முன் வைப்பது அவரது நோக்கம். அயர்லாந்து, பாரசீகம், பனாமா, எஸ்தோனியா ஆகிய நாடுகள் ஆதரவு காட்டின. பிரித்தானியாவின் அழுத்தத்தால் விடயம் விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. 1924இல் கனடிய அரசு ஒஸ்வேகனிலிருந்த பரம்பரைத் தலைவர்களின் சபையைப் பொலிசாரைக் கொண்டு அகற்றி, தானே வகுத்த தேர்தல் சபையை நிறுவியது. டெஸ்கஹே 1925இல் சொந்த மண்ணுக்கு வெளியே இறந்தார். 1927இல், நில உரிமைக் கோரிக்கைக்காகப் பூர்வகுடிகள் நிதி திரட்டுவதையும் கனடா சட்டத்தால் தடைசெய்தது. அத்தடை 1951 வரை நீடித்தது. ஜெனீவாவின் வாசல்களில் மனுக்களோடு நின்று களைத்த எம்மவர், அங்கே தமக்கு முன்னர் நின்றவர் யார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சபை அகற்றப்பட்டபோது ஸ்மித்துக்கு வயது பன்னிரண்டு. அரசியலின் கதவு அடைபட்ட அந்தத் தலைமுறை இளைஞர்களுக்குத் திறந்திருந்த வழிகளில் ஒன்று விளையாட்டு. லக்ரோஸ் அவர்களது முன்னோரின் ஆட்டம். 1931இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, கோடையில் வெறுமையாய்க் கிடந்த ஐஸ் ஹொக்கி அரங்குகளை நிரப்ப முதலாளிகள் அதனை உள்ளரங்க ஆட்டமாக மாற்றினர். ரொறன்ரோ ரெகும்சேஸ் அணியில் ஆடியவர்களுள் ஹரி ஸ்மித்தும் ஒருவர். ஓட்டத்தின் வேகத்தால் அமைந்தது 'சில்வர்ஹீல்ஸ்', அதாவது வெள்ளிக் குதிகால், என்ற பட்டப்பெயர். குத்துச்சண்டையும் பயின்றார். 1937இல் அணியோடு லொஸ் ஏஞ்சலிஸ் சென்றபோது நகைச்சுவை நடிகர் ஜோ ஈ. பிரவுண் அவரைக் கண்டு திரைப்படத்துக்கு முயலும்படி ஊக்கினார். ஹொலிவூட்டில் அவர் நுழைந்தது நடிகராக அல்ல. குதிரையிலிருந்து விழுபவராக, கூட்டத்தில் ஒருவராக. பத்து ஆண்டுகள் பெரும்பாலும் இப்படியே கழிந்தன. 1947இல் 'கப்டன் ஃப்ரொம் கஸ்ரீல்', 1948இல் ஹம்ப்ரி போகார்ட்டின் 'கீ லார்கோ' ஆகியவற்றில்தான் முகம் தெரியும் வேடங்கள் கிடைத்தன.

இனி எனது வாதத்துக்கு மையமான தகவலுக்கு வருகிறேன். 1950இல் வெளிவந்த 'புரோக்கின் அரோ', பூர்வகுடிகளை அனுதாபத்துடன் காட்டிய படமென்று புகழப்பட்டது. அதில் சமாதானத்தை ஏற்கும் அப்பாச்சித் தலைவன் கொச்சீஸாக நடித்தவர் புரூக்ளினில் பிறந்த யூதரான ஜெஃப் சாண்ட்லர். சிறந்த துணைநடிகருக்கான ஒஸ்கார் விருதுக்கு அவர் பெயர் பிரேரிக்கப்பட்டது. சமாதானத்தை நிராகரித்து வெளியேறும் ஜெரோனிமோவாகச் சில நிமிடங்கள் தோன்றியவர் சில்வர்ஹீல்ஸ். அதே ஜெரோனிமோவாக 1952இலும் 1956இலும் வேறு இரு படங்களில் நடித்தார். ஆக, அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்ட விசுவாசமான துணைவனும், திரையரங்கில் கண்ட பணியாத எதிரியும் ஒரே மனிதர். உடல் ஒன்று, வேடம் இரண்டு. வசனத்தை எழுதியவர்கள் மட்டும் இரண்டிலும் வேறு ஆட்கள்.

சுடப்படவேண்டிய ஜெரோனிமோ, அல்லது சேவிக்கவேண்டிய டொண்டோ. அந்தத் தொழில் பூர்வகுடி ஒருவனுக்கு வைத்திருந்த பாத்திரங்கள் பெரும்பாலும் இவை இரண்டே. தீவிரவாதி அல்லது துரோகி என்ற இரு சொற்களுக்குள் அரை நூற்றாண்டு அரசியலை அடைக்கப் பழகிய எமக்கு இது புதிதாக இருக்க முடியாது.

எனது பங்கையும் இங்கு சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாணம் ரீகலில் அப்பாவோடு 'கவ்போய்' படங்கள் பார்த்தவன் நான். குதிரைப்படையின் எக்காளம் கேட்டதும் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். விழுந்த 'செவ்விந்தியர்'களை எண்ணினோமேயன்றி, அவர்களுக்கும் பெயர் இருக்கும் என்று நினைக்கவில்லை. கொச்சை மொழியைக் கேட்டுச் சிரிப்பதும் ஹொலிவூட்டுக்கு மட்டும் உரியதல்ல. 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலி நாடகத்தில் மரிக்காரின் தமிழையும் உபாலியின் தமிழையும் கேட்டு இலங்கைத் தமிழர் விழுந்து விழுந்து சிரித்தனர். மரிக்காராக நடித்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். அந்தச் சிரிப்பில் நேசமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எமது ஊர் மேடைகளில் மலையகத்தவரும் வீட்டு வேலைக்காரரும் பேசிய தமிழை எழுதியவர்கள் யார்? அவர்கள் முன்வரிசையில் இருந்து பார்த்தார்களா? நாமும் டொண்டோக்களை எழுதியவர்கள்தாம்.

ஒதுக்கு நிலத்தில் வளர்ந்த சில்வர்ஹீல்ஸுக்கு ஆங்கிலம் சரளமாக வரும். 'நான்' என்பதற்குப் பதிலாக 'மீ' என்று சொல்வதற்கே அவருக்குச் சம்பளம். அவர் விற்றது தனது மொழியறிவை அல்ல, அதை மறைக்கும் உழைப்பை. இவ்வேறுபாட்டை நான் நண்பர் விடயத்தில் காணத் தவறினேன். கூலிக்காக ஒருவன் பேசும் வசனத்தை அவனது குணமாக வாசித்தேன். எனது 'மீ பினிஷ்' என்னுடைய குணமா?

வட அமெரிக்காவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் பகிடி ஒன்றுண்டு. எதிரிகள் சூழ்ந்துவிட்டபோது, 'மாட்டிக்கொண்டோம்' என்கிறான் ரேஞ்சர். 'எந்த நாம்?' என்று திருப்பிக் கேட்கிறான் டொண்டோ. ஆங்கிலத்தில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஒரே சொல் என்பதால்தான் இந்தப் பகிடி பிறந்தது. தமிழில் ரேஞ்சர் முதலிலேயே தெரிவுசெய்ய வேண்டியிருக்கும். எமது தொழிற்சாலையில் மாதமொருமுறை கூட்டம் வைத்து 'நாமெல்லாம் ஒரு குடும்பம்' என்கிறார்கள். வேலை குறையும் மாதத்தில் அது 'நாங்கள்' ஆகிவிடுகிறது. ஏஜென்சியால் வந்தவர்கள் மறுநாள் வருவதில்லை. துணைநடிகன் என்பவன், வேலை நடக்கும்வரை மட்டும் 'நாம்' என்பதற்குள் அடக்கப்படுபவன்.

தொடர் முடிந்தபின் நடந்தது இதையே காட்டுகிறது. பெரிய வேடங்கள் வரவில்லை. 1969இல் 'ட்ரூ கிரிட்' படத்தில் தூக்கிலிடப்படும் மனிதனாகப் பெயர்ப்பட்டியலில் பெயரின்றித் தோன்றினார். அதே ஆண்டில் ஜொனி கார்சனின் நிகழ்ச்சியில், வேலை தேடி நேர்முகத்துக்கு வந்த டொண்டோவாக நடித்துத் தன் வேடத்தைத் தானே கேலிசெய்தார்.

ஆனால் அவர் வேடங்களோடு நின்றுவிடவில்லை. அறுபதுகளில் லொஸ் ஏஞ்சலிஸில் பூர்வகுடி நடிகர்களுக்கான பயிற்சிப் பட்டறையொன்றை நிறுவினார். பூர்வகுடி வேடங்களைப் பூர்வகுடிகளே ஏற்க வேண்டும், அதற்குரிய பயிற்சியும் அவர்களுக்கு வேண்டும் என்பது அதன் அடிப்படை. அது வெறும் உணர்ச்சிக் கோரிக்கையல்ல. 1971இன் புகழ்பெற்ற விளம்பரத்தில், மாசடைந்த நிலத்தைப் பார்த்துக் கண்ணீர்விட்ட 'இந்தியர்' அயர்ன் ஐஸ் கோடி, இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளை என்பது 1996இல் வெளிப்பட்டது. கண்ணீருக்குக்கூட வேறு ஆளைப் பிடித்த தொழில் அது. எழுதிக்கொடுக்கப்பட்ட இரண்டு வேடங்களுக்கும் வெளியே, யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு மூன்றாவது பாத்திரத்தை, ஆசிரியர் என்ற பாத்திரத்தை, சில்வர்ஹீல்ஸ் தானே எடுத்துக்கொண்டார்.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். டொண்டோ பல தலைமுறைப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் வசைச்சொல்லானான். ஷேர்மன் அலெக்ஸி 1993இல் தனது சிறுகதைத் தொகுப்பின் தலைப்பிலேயே ரேஞ்சரையும் டொண்டோவையும் சொர்க்கத்தில் கைகலக்க வைத்தார். பாத்திரம் செய்த தீங்கு உண்மையானது. நடிகரின் நல்லெண்ணத்தால் அது அழிந்துவிடாது. நான் கேட்பதெல்லாம், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும் என்பதே.

1979இல் ஹொலிவூட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதிக்கப்பட்டது.  1980 மார்ச் 5இல் இறந்தார். அவரது சாம்பல் கிராண்ட் நதிக்கரைக்குத் திரும்பியது. 1997இல் கனடிய லக்ரோஸ் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது, டொண்டோவாக அல்ல, ஆட்டக்காரராக.

நண்பரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ சேர், அடுத்த மாசம் எங்கட பிள்ளையளுக்கு ஒரு நாடகப் பட்டறை வைப்பமெண்டு யோசிக்கிறன், வசனம் எழுத ஆள் வேணும்" என்றார். சனிக்கிழமைகளில் எனக்கு ஓவர்டைம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். இக்கட்டுரைக்கான மறுப்புகளை வாசகரிடமிருந்து எதிர்பார்க்கிறேன். அவற்றை அங்கேயும் வந்து சொல்லலாம்.