கண்டு பயிலலும் கண் காத்தலும்: உருக்கி ஒட்டும் தொழிலின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

கொழும்பு மாநகரின் மாளிகாவத்தை, இரும்போடு நெருங்கிய தொடர்புடைய பகுதியாகும். புகையிரதத் திணைக்களத்தின் தரிப்பிடம் ஒன்று அங்குள்ளது. அயலிலுள்ள பஞ்சிகாவத்தையோ மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போனது. 'வெல்டிங்' எனப் பொதுமக்கள் வழங்கும் உருக்கி ஒட்டும் தொழில் இத்தகைய சூழலில் இன்றியமையாததாகும். ஒல்லாந்த மொழி தந்த 'பாஸ்' என்னும் சொல்லால் அழைக்கப்படும் கைவினைஞரின் அருகே நின்று, அவர் செய்வதைக் கண்டு இளைஞர் தொழில் பயில்வது இந்நாட்டின் நெடுங்கால வழக்கு. தச்சுக்கும் கொத்துக்கும் அம்முறை பொருந்தும். உருக்கி ஒட்டும் தொழிலிலோ, அவ்வாறு பார்த்து நிற்பதே முதல் ஆபத்தாகின்றது.

இதன் காரணத்தைத் தொழிலின் வரலாறு விளக்கும். 1881இல் நிக்கொலாய் பெனார்தோசு காபன் மின்வில்லினால் உலோகத்தை இணைத்துக் காட்டினார். 1888இல் சிலாவியானொவ் உருகும் உலோகக் கோலையே மின்வாயாகப் பயன்படுத்தினார். மின்வில் உமிழும் ஊதாக்கடந்த கதிர் விழிவெண்படலத்தைச் சுடவல்லது. நோவு உடனே தோன்றாது. சில மணி நேரத்தின் பின்னரே கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனை எழும். பகலிற் பார்த்ததே இரவில் வருத்துகின்றது என்பதைப் புதிதாகப் பயில்பவன் எளிதில் உணரான். குனிந்து வேலை செய்யும் ஆசானுக்குக் கருங்கண்ணாடி பதித்த முகக்காப்பு இருக்க, அருகே நிற்கும் மாணவன் வெறுங்கண்ணோடு நிற்பானாயின் ஊறு அவனையே சேரும்.

வாயுச் சுவாலையின் வரலாறும் இத்தகையதே. ஒட்சிசனுடன் எரியும் அசற்றிலீன் மிகுந்த வெப்பந் தரும் என்பதை 1895இல் லெ சத்தெலியே கண்டறிந்தார். 1903இல் பூசேயும் பிக்காரும் அதற்கான ஊதுகுழலை அமைத்தனர். ஆயின் அழுத்தத்துக்குட்பட்ட அசற்றிலீன், காற்றின் துணையின்றியே சிதைந்து வெடிக்கும் இயல்பினது. 1897இல் குளோட்டும் எசும் அதனை அசற்றோனிற் கரைத்துச் சேமிக்கும் வழியைக் கண்டமையாலேயே உருளைகள் பாதுகாப்புடையனவாயின. அவ்வுருளையை நிமிர்த்தியே பயன்படுத்தவேண்டும் என்னும் விதி இதனின்றே பிறந்தது; சாய்த்தால் அசற்றோனும் வாயுவுடன் வெளிப்படும். ஒட்சிசன் வால்வில் எண்ணெய் படலாகாது என்பதும், பெற்றோல் தாங்கி வெறுமையாகத் தோன்றினும் உள்ளே எஞ்சும் ஆவி வெடிக்குமாதலின் முறையாகத் துப்புரவு செய்யாது தீ வைக்கலாகாது என்பதும் காரணமுடைய விதிகளே. காரணம் அறியாதவனுக்கு அவை வெறும் அதட்டல்களாகவே தோன்றும்.

இலங்கையில் முறைசார்ந்த தொழிற்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1893இல் கொழும்பில் அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பெற்றது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் சட்டத்தின் பொருளாக்கியது. 1971ஆம் ஆண்டின் தேசிய தொழிற்பயிலுநர் சட்டம் தொழில் பயில்வோரையே கருத்திற் கொண்டது. எனினும் ஏட்டிலுள்ள விதி தெருவோரக் கராஜில் நிற்கும் சிறுவனின் கண்ணுக்குத் தானாகவே திரையாகிவிடுவதில்லை.

கண்ணுக்கு நேரும் கேடு ஓரிரவில் தெரியும். நுரையீரலுக்கு நேர்வது பல்லாண்டுகளின் பின்னரே புலப்படும். நாகம் பூசிய தகட்டைச் சுடும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பால் அருந்தினால் அது முறியும் என்னும் நம்பிக்கை தொழிலாளர் பலரிடம் உண்டு. ஆனால் பால் செல்வது இரைப்பைக்கு, புகை செல்வது நுரையீரலுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பிலான புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017இல் உருக்கி ஒட்டும் புகையினையும், அத்தொழிலில் எழும் ஊதாக்கடந்த கதிரினையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என வகுத்தது.

வரலாற்றில் ஆற்றல் முன்னும் காப்பு பின்னுமாக வந்தன. கண்டுபிடித்தோருக்கு அது தவிர்க்க இயலாததாக இருந்திருக்கலாம். இன்று பயில்பவனுக்கு அவ்வரிசை தேவையில்லை. கோலைப் பிடிக்குமுன் முகக்காப்பை அணியவும், சுவாலையை மூட்டுமுன் காற்றோட்டத்தை நோக்கவும் அவன் கற்றல் வேண்டும். பட்டறை எத்துணைச் சிறியதாயினும் அங்கே இரண்டு முகக்காப்புகள் இருத்தல் வேண்டும்: ஒன்று செய்பவருக்கு, மற்றையது பார்த்துப் பயில்பவனுக்கு.