அழகம்மாளின் அடுப்பும் ஆசிரமத்தின் பந்தியும்

பெற்றோர் எடுத்துச் சொல்வதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது, விழுமியங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்ளும் எடுகோள். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ரமணரின் குடும்பத்தில் வற்புறுத்திச் சொன்னது மகனிடம் ஒட்டவில்லை. வீட்டில் அன்றாடம் நடந்தது ஒட்டிக்கொண்டது.

திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமையரின் வீட்டில், ஊருக்குப் புதிதாக வருவோர் தங்கிச் சாப்பிட்டுப் போவது வழக்கம். 1892இல் அவர் இறந்தபோது, பின்னாளில் ரமணர் எனப்பட்ட மகன் வேங்கடராமனுக்கு வயது 12. 1896இல் அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென எடுத்த 5 ரூபாயில் வழிச்செலவுக்கு 3 ரூபாயை வைத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு விட்டுவிட்டு, அந்தப் பையன் மதுரையிலிருந்து அருணாசலத்துக்கு, அதாவது திருவண்ணாமலைக்கு, கிளம்பினான். ஓடிப்போகிற வேளையிலும் கணக்குப் பார்க்கும் இந்தக் குணத்தை யாரும் உட்கார வைத்துக் கற்பித்திருக்க முடியாது.

1898இல் தாய் அழகம்மாள், மகன் அப்போது தங்கியிருந்த பவழக்குன்றுக்கு வந்து, வீடு திரும்பும்படி அழுது அழைத்தார். மௌனத்தில் இருந்த மகன், நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையோடு திரும்பினார். 1916இல் மகனோடு தங்கிவிட வந்தவர், மலைமேலிருந்த ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். ஊருக்குள் போய்ப் பிச்சை வாங்கி வந்து உண்ட துறவிகளுக்கு இது பெரிய மாற்றம். கூடவே மடியும் ஆசாரமும் மலைக்கு வந்து சேர்ந்தன. வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் சொல்லி ரமணர் அம்மாவைச் சீண்டிக்கொண்டே இருந்தார். அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டபோது வேலைக்கு வராமல், உளுந்து மாவு, மிளகு, பிரண்டைச் சாறு என எல்லாவற்றையும் வேதாந்தமாக்கி ‘அப்பளப் பாட்டு’ எழுதிக் கொடுத்தார்.

ஆனால் 1922 மே 19 அன்று அழகம்மாள் மறைந்து, அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்த பிறகு, பல ஆண்டுகள் விடியும் முன்பே சமையற்கட்டில் காய் நறுக்கியவரும் சட்னி அரைத்தவரும் அதே மகன்தான். சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். தமக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கடிந்துகொள்வார். துறவி புதிதாகக் கண்டுபிடித்த ஒழுக்கமாக இதை நான் கருதவில்லை. திருச்சுழி வீட்டுப் பந்தியே இங்கே தொடர்ந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரமணரின் காலத்திலேயே ஆசிரமச் சமையல் பிராமணர் கையில்தான் இருந்தது. உணவுக்கூடத்தில் ஆசாரம் பார்ப்போருக்காகத் தடுப்பும் இருந்தது. அப்படியானால் தாயின் ஆசாரம் தோற்றது என்று எப்படிச் சொல்வது? தோற்கவில்லை என்பதே சரி. மகன் வாங்கிக்கொள்ளாததை நிறுவனம் வாங்கிக்கொண்டது. கேலி ஒரு தாயின் பிடிவாதத்தைத் தளர்த்தலாம்; சமையற்கட்டின் சாதி ஒழுங்கைத் தளர்த்த அது போதாது. ரமணர் அந்தத் தடுப்பை முழுமூச்சாக எதிர்க்காததை அவரது பற்றின்மைக்குச் சான்றாக மட்டும் படிப்பது, ஆய்வாளருக்கு வசதியான வாசிப்பு.

1949 மார்ச் 17 அன்று, தாயின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. வாழ்க்கை வரலாறுகளில் அழகம்மாள் பெரும்பாலும் மகனால் முக்தி பெற்ற தாயாகவே வருகிறார். அந்த அடுப்பை மூட்டியவர் என்ற முறையில் அவரைத் தனியே ஆராய வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.