அணிலுக்கு வரலாறு உண்டு, வண்டுக்கு?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே இருக்கும் மலைக்காட்டின் வரலாற்றைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் நிர்வாக வரலாறுதான். சேத்தூர், சிவகிரி ஜமீன்கள். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. காடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது இதில் தெரிகிறது. உள்ளே என்ன மாறியது என்பது தெரியவில்லை.

விறகு, மேய்ச்சல், கோடைத் தீ எல்லாம் குறைந்தால் மரம் திரும்பி வரும். அதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனா பூச்சி திரும்பிடுச்சான்னு எப்படிச் சொல்றது?

வெப்பமண்டலக் காடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அழிந்த காடு மீளும்போது எறும்பு போன்றவற்றில் இனங்களின் எண்ணிக்கை ஓரளவு சீக்கிரம் உயர்ந்துவிடும். ஆனால் முதலில் வருபவை எங்கும் பிழைக்கக்கூடியவை. அடர்நிழலும் மக்கிய மரமும் தேவைப்படுகிற இனங்கள் வர ரொம்ப காலம் ஆகும். அதனால் வெறும் எண்ணிக்கையை வைத்து 'காடு மீண்டுவிட்டது' என்று சொல்ல முடியாது. எந்தெந்த இனங்கள் என்ற பட்டியல் வேண்டும். பழைய பட்டியலும் வேண்டும், ஒப்பிட.

நம் அறிவு எவ்வளவு புதுசு என்பதற்கு ஒரு உதாரணம். இதே காப்பகத்தின் மேகமலைப் பகுதியிலிருந்து சிகாரிடிஸ் மேகமலையென்சிஸ் என்ற பட்டாம்பூச்சியை 2023-இல்தான் புதிய இனமாக விவரித்தார்கள். அந்தப் பேரினத்தின் புழுக்கள் எறும்புகளோடு சேர்ந்து வாழ்பவை. எறும்பு போனால் பட்டாம்பூச்சியும் போகும். பட்டாம்பூச்சிக்கே இப்போதுதான் பேர் கிடைத்திருக்கிறது என்றால், பேரே இல்லாமல் போனவை எத்தனையோ.

இன்னொரு சிக்கல், மலைமாடு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. கிடைமாடு வைத்திருப்பவர்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. காட்டுக்கோ நாற்றுகள் தழைக்கும் வாய்ப்பு. சரி, சாணவண்டுக்கு? சாணத்தை மண்ணுக்குள் புதைத்து, அதிலுள்ள விதைகளையும் சேர்த்துப் புதைப்பவை அவை. மாட்டுச் சாணம் குறையும் இடத்தில் யானை, காட்டுமாடு, மிளா ஆகியவற்றின் சாணத்தை வைத்து எந்த வண்டு தாக்குப்பிடிக்கும்? தடை சரியா தப்பா என்று வாதாடும்போது இந்தக் கேள்வியையும் கேட்கணும்.

இதெல்லாம் காட்டோடு முடியுற சமாச்சாரமும் இல்லை. அடிவார மாந்தோப்பில் மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருகிற அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதைத் தும்பிகளின் இளம்பருவத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம்.

பழைய பட்டியலை இனி உருவாக்க முடியாது. இன்றைய பட்டியலை உருவாக்கலாம்: வனத்துறை அனுமதியோடு, வருஷா வருஷம் ஒரே இடம், ஒரே மாதம், ஒரே முறை. ஐம்பது வருஷம் கழித்து இந்தக் காட்டைப் பற்றி எழுதுபவருக்கு அரசாணை மட்டும் போதாது. அந்த நோட்டும் கிடைக்கணும்.