பெட்ரோல் விலையும் சைக்கிளும் – நெதர்லாந்து சொல்லும் பாடம்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும். "இனிமே சைக்கிள்தான் சரிப்படும்!" நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். ஆனால் ஒரு நாட்டில் அந்தப் பேச்சு நிஜமாகவே நடந்தது. அந்த நாடு நெதர்லாந்து.

"அது தட்டையான நாடு, அவர்கள் என்றுமே சைக்கிள்காரர்கள்" என்று பலர் நினைப்பதுண்டு. இது பாதி உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே சைக்கிள்தான் ராஜா. ஆனால் 1950களிலும் 60களிலும் மக்களின் வருமானம் உயர்ந்தது, கார்கள் பெருகின. ஊர் நடுவே இருந்த சதுக்கங்கள் கார் நிறுத்தும் இடங்களாயின. சைக்கிள் ஓட்டுபவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள்! மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972ல் எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கியது. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. பெற்றோர்கள் தெருவை மறித்துப் பிள்ளைகளை நடுரோட்டில் விளையாட விட்டார்கள். குழந்தைகளோடு கூட்டமாகச் சைக்கிள் ஊர்வலம் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. இஸ்ரேலை ஆதரித்ததாகச் சொல்லி, அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் கிட்டத்தட்ட 12 டாலரைத் தொட்டது.

நெதர்லாந்து அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. 1973 நவம்பர் 4 அன்று முதல் "கார் இல்லாத ஞாயிறு". நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள், பிள்ளைகள் சறுக்குச் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். கார் இல்லாவிட்டால் தெரு எப்படி இருக்கும் என்பதை நாடே கண்ணால் பார்த்தது.

ஆனால் அந்த ஞாயிறுகள் 1974 ஜனவரி 6 அன்றே முடிந்துவிட்டன. அதே ஆண்டு ஜூலையில் எண்ணெய்த் தடையும் நீங்கியது. கதை அத்தோடு முடிந்திருக்கலாம் அல்லவா?

முடியவில்லை. காரணம், பெற்றோர்கள் விடவில்லை. 1975ல் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசு பணத்தில் சோதனையாகத் தனிச் சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. ஒரு பாதை மட்டும் போட்டால் அந்தப் பாதையில் மட்டுமே கூட்டம் கூடுகிறது என்பது தெரிந்தது. எனவே 1980களில் டெல்ஃப்ட் நகரம் ஊர் முழுக்கப் பாதைகளை வலை போல இணைத்தது. 1986ல் கச்சா எண்ணெய் விலை படுத்துவிட்டது. அப்போதும் டச்சுக்காரர்கள் சைக்கிளை மூலையில் சாத்தவில்லை!

இதற்கு நேர் எதிரான கதை கியூபா. 1991ல் சோவியத் யூனியன் உடைந்ததும் மலிவாக வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. அரசு சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள்களை வரவழைத்து, தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் குறைந்த விலையில் கொடுத்தது. ஹவானா சுரங்கப்பாதையைக் கடக்க, சைக்கிளோடு ஏறிப் போகத் தனிப் பேருந்தே விட்டார்கள். ஆனால் சில ஆண்டுகளில் எண்ணெய் மறுபடி வரத் தொடங்கியதும் சைக்கிள் கூட்டம் கரைந்துபோனது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். காபி விலை ஏறினால் டீ குடிப்பவர்கள், விலை இறங்கியதும் காபிக்கே திரும்பிவிடுவார்கள். மாற்றுப் பொருளின் தலையெழுத்து அது. கியூபாவில் சைக்கிள் மாற்றுப் பொருளாகவே இருந்துவிட்டது. நெதர்லாந்தில் அது உரிமையாக மாறியது. அங்கே கோரிக்கை "பெட்ரோலை மிச்சம் பிடிப்போம்" என்பதல்ல, "எங்கள் பிள்ளை உயிரோடு பள்ளிக்கூடம் போய் வர வேண்டும்" என்பது.

இன்று அந்த நாட்டில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 2019ல் கட்டி முடிக்கப்பட்ட நிறுத்தத்தில் 12,500 சைக்கிள்களை விடலாம். மக்கள்தொகை கூடியும், சாலை மரணங்கள் 1971ல் இருந்ததில் கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டன.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பெட்ரோல் விலை ஏறும்போது, சைக்கிள் என்ன விலை என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையை நம்பிச் சைக்கிளில் அனுப்ப நம் ஊரில் ஒரு தெருவாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்!