மூன்று வாசகர்களின் புத்தகம்

சேலத்தில் நான் வங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல்கலைக் கழகப் பதிவாளர் பெயருக்கு டிராஃப்ட் எடுக்கச் சிலர் வருவார்கள். முப்பதைத் தாண்டிய வயது, கல்லூரியில் தற்காலிக வேலை. "தீசிஸ் கொடுக்கப் போறேன் சார்" என்று கேளாமலே சொல்வார்கள். இப்போது பணம் இணையத்தில் போய்விடுவதால் அவர்களை நான் பார்ப்பதில்லை.

ராசிபுரத்து நண்பர் ஒருவர் சமர்ப்பித்த அன்று துணைக்குப் போனேன். பதிவில் இருந்த தலைப்புக்கும் அட்டையில் அச்சான தலைப்புக்கும் ஒரு சொல் வித்தியாசம். பிரதிகள் திரும்பி வந்தன. அட்டையை மாற்றி மறுவாரம் மீண்டும் போனோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெயரில் எழுத்துப் பிழை என்று செக்கைத் திருப்பி அனுப்புகிறவன்தான் நானும்.

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு ஆய்வேடு என்றால் ஓர் இளக்காரம் உண்டு. பட்டத்துக்காக எழுதப்படுவது விமர்சனம் ஆகாது என்று நாம் பல காலமாகச் சொல்லி வருகிறோம். நானும் சொன்னவன்தான். ஆனால் சரித்திரம் இதை முழுக்க ஆதரிப்பதாகத் தெரியவில்லை.

பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரி தமிழ் இலக்கணக் கோட்பாடுகளின் வரலாற்றை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1930இல். அது புத்தகமானது 1934இல். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, தனியாகப் படித்துத் தேறிய மு. வரதராசன், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு 1948இல் பட்டம் பெற்றார். நூல் வந்தது 1957இல். கா. சிவத்தம்பி பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வை பர்மிங்ஹாமில் முடித்தது 1970. புத்தகம் 1981. அவருக்கு முன்பே அங்கு ஜார்ஜ் தாம்ஸனிடம் ஆய்வு செய்த க. கைலாசபதியின் வீரயுகப் பாடல் ஆராய்ச்சியை 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது.

இந்த நான்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழைப் பற்றித் தமிழர் எழுதியதைத் தமிழ் மட்டும் தெரிந்தவன் வெளிவந்த காலத்தில் படிக்க முடியவில்லை. நான்கு ஆண்டு, ஒன்பது ஆண்டு, பதினோரு ஆண்டு என்று நீளும் அந்த இடைவெளியில் ஆய்வேடு அலமாரியில் கிடந்தது. வழிகாட்டியும் புறத் தேர்வாளர்களுமாக மூன்று பேர் படித்தது அது. ஆயினும் அதிலிருந்து வெளியே வந்து நம் சிந்தனையில் நுழைந்தவை இவை. கைலாசபதியோடு சண்டை போடாமல் சங்கப் பாடல்களைப் பற்றி இன்று யாரும் பேச முடியாது. அவற்றை விமர்சனமாக்கியது அந்தச் சண்டை; பட்டம் அல்ல.

நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. இப்பகுதி மாணவனுக்கு 1997இல் பெரியார் பல்கலைக் கழகம் வரும்வரை பல்கலைக் கழகம் என்றால் சென்னைதான். 'ஏறுவெயில்' எழுதிய பெருமாள்முருகன் அங்கேதான் ஆர். ஷண்முகசுந்தரத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார். நாவலாசிரியன் தனக்கு முந்திய நாவலாசிரியனைக் கண்டடைய ஆய்வேடு ஒரு வழியாக இருந்திருக்கிறது.

இன்று அந்த இடைவெளி இல்லை. ஆய்வேட்டின் மின்பிரதி 'சோத்கங்கா' என்ற தேசியக் களஞ்சியத்தில் ஏறிவிடுகிறது, யாரும் படிக்கலாம். 2018இல் வந்த மானியக் குழு விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவிகிதம் வரை தண்டனையில்லை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. 2016 விதி ஆய்விதழில் ஒரு கட்டுரையைக் கட்டாயமாக்கியது. 2022 விதி அதை நீக்கியது, எம்.ஃபில். பட்டத்தையும் நிறுத்தியது. காப்பி அடித்தானா என்று இயந்திரம் சொல்லிவிடும். சொல்வதற்கு அவனிடம் ஏதேனும் இருந்ததா என்பதை ஒரு வாசகன்தான் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக ஆளில்லை. அந்த ஆள் நாமாக இருந்திருக்க வேண்டும்.

நண்பர் தம் பிரதியை என்னிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். இரண்டு மாதம் தட்டிக் கழித்தேன், பிறகு படித்தேன். கொங்கு நாவல்களில் நிலம் என்பது விஷயம். முதல் நான்கு அத்தியாயங்கள் கதைச் சுருக்கமும் மேற்கோளும். ஐந்தாவதில், 1942இல் வந்த 'நாகம்மாள்' நாவலில் விதவை ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்கும்போது வீட்டின் பேச்சே எப்படி மாறுகிறது என்று இருபது பக்கம் எழுதியிருக்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரங்களைத் தினமும் புரட்டுகிற எனக்கு அது உறைத்தது. இதுவரை நான் எங்கும் படித்திராத வாசிப்பு.

ஒளிக்காமல் சொன்னேன். முதல் நான்கும் தேவையில்லை, ஐந்தாவது மட்டும் போதும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அது கடைசி மாசம் அவசரத்துல எழுதுனதுங்க. மேற்கோள் தேட நேரமில்ல" என்றார்.

தேட நேரமிருந்த இடத்தில் மற்றவர்கள் பேசியிருக்கிறார்கள், நேரமில்லாத இடத்தில் அவர் பேசியிருக்கிறார். ஆய்வேட்டு முறையின் குறை முழுவதும் இதில் இருக்கிறது. அதே முறையின் கெடு அவரை நெருக்கியிராவிட்டால் இந்த இருபது பக்கமும் எழுதப்பட்டிராது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் வந்துவிட்டது. அந்த அத்தியாயத்தை இந்த இதழுக்குத் திருத்தித் தரக் கேட்டிருக்கிறேன். அவகாசம் கேட்டிருக்கிறார். வந்தால், மறுத்து எழுத நம்மில் இரண்டு பேராவது வேண்டும்.