சுக்கானைக் கையளித்தோர்

மலையகத் தமிழர் வரலாற்றிற் கடல் என்பது துயரத்தோடு பிணைந்த ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்டோர் கடல் கடந்தே இம்மண்ணை அடைந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பண்டாரவளையிற் புகையிரதமேறியோர் தலைமன்னாரிற் கப்பலேறினர். வந்தபோதும் சென்றபோதும் அம்மக்கள் ஏற்றிச் செல்லப்பட்டவர்களே. சுக்கான் பிறர் கையிலிருந்தது. ஏற்றிச் செல்லப்படுதலின் பொருளை இவ்வாறு அறிந்த சமூகத்துக்கு, வலதுகுறைந்தோரிடம் சுக்கானைக் கையளித்த தொண்டர்களின் வரலாறு அந்நியமானதன்று.

வலதுகுறைந்தோரும் நெடுங்காலம் பிறரால் ஏற்றிச் செல்லப்பட்டவர்களே. இரக்கம் அவர்களுக்குக் கிடைத்தது, பயிற்சி கிடைக்கவில்லை. இந்நிலை மாறுதற்கு வித்திட்டோருள் மருத்துவர் லுட்விக் குட்மன் முதன்மையானவர். 1948ஆம் ஆண்டு, இலண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய நாளிலேயே, இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையிற் சக்கர நாற்காலியினர் 16 பேரைக்கொண்டு அவர் வில்வித்தைப் போட்டி நடத்தினார். பின்னாளிற் பராலிம்பிக் விழாவாக வளர்ந்தது அம்முயற்சியே.

நிலத்திற் பெற்ற இவ்வெற்றி கடலை எட்டுதற்கு மேலும் முப்பதாண்டுகள் சென்றன. 1978ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஜூபிலி பாய்க்கப்பல் அறக்கட்டளை தோன்றியது. அதனைத் தொடக்கிய கிறிஸ்தோபர் ரட் வலதுகுறைந்த சிறுவருக்குக் கற்பித்தவர், கடலோடியுமாவார். அறக்கட்டளை கட்டிய முதற்கப்பல் 1986ஆம் ஆண்டு தன் முதற்பயணத்தை மேற்கொண்டது. போரில் ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்த தளபதி நெல்சனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அதில் ஏறியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வலதுகுறைந்தோர். அவர்கள் பயணிகளாக அன்றி மாலுமிகளாகவே ஏறினர். பார்வையற்றோர் ஒலிவழி திசையுணர்த்தும் கருவியின் துணைகொண்டு சுக்கான் பிடித்தனர். சக்கர நாற்காலியினர் கயிற்றால் உயர்த்தப்பட்டுப் பாய்மரத்தின் மேலேறினர். 2000ஆம் ஆண்டு கடலிலிறக்கப்பட்ட இரண்டாவது கப்பலின் கட்டுமானத்தில் வலதுகுறைந்தோரும் ஏனையோரும் தொண்டர்களாய்ச் சேர்ந்துழைத்தனர்.

பெருங்கப்பலேறும் வாய்ப்புச் சிலருக்கே கிட்டும். பலருக்கு வழி திறந்தவை சிறு பாய்ப்படகுகள். அவுஸ்திரேலியாவில் கிறிஸ் மிச்செல் வடிவமைத்த படகுகள் கனமான அடித்தகட்டின் பாரத்தால் எளிதிற் கவிழாதவை. ஓட்டுபவர் தாழ்ந்த இருக்கையில் முன்னோக்கி அமர்ந்து, நடுவிலுள்ள கைத்தண்டினாற் படகைத் திருப்பலாம். இருவர் அமரும் படகிற் கற்பிப்பவர் அருகிலிருந்து காற்றின் திசையை முதலில் உணர்த்துவார். பின்னர் தண்டைக் கற்பவரிடம் விட்டுத் தம் கையை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளப்பட்ட அந்தக் கையே இத்தொண்டின் சாரம்.

எனினும் இவ்வரலாறு வெற்றி மாத்திரம் நிறைந்ததன்று. பாய்ப்படகோட்டம் 2000ஆம் ஆண்டு சிட்னியிற் பராலிம்பிக் பதக்கப் போட்டியாயிற்று. 2016ஆம் ஆண்டு ரியோ விழாவின் பின் நீக்கப்பட்டது. ஜூபிலி அறக்கட்டளையும் பொருள் முட்டுப்பாட்டால் 2023ஆம் ஆண்டு தன் பணியை முடித்துக்கொண்டது. நன்கொடையை மாத்திரம் நம்பிய உரிமை நன்கொடை வற்றும்போது தானும் வற்றும் என்பதே இதன் பாடம்.

ஊவா மலைகளிற் கடலில்லை. செங்குத்தான படிகளும் தேயிலைச் சரிவுகளுமே உண்டு. அவை சக்கர நாற்காலிக்கு இடந்தருவனவல்ல. ஆயினும் லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பிள்ளையைத் தூக்கிச் செல்வது ஒரு பணி. தானே செல்லக் கற்பிப்பது வேறொரு பணி. பிறர் கையிலிருந்த சுக்கானால் இரு முறை கடல் கடந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் மறத்தலாகாது.