நதியை மறுத்த ஜோ

ஆசிரியன் எழுதிய வரியைப் பாடுபவன் மாற்றலாமா? நமது கூத்துக் களரியிலும் கேட்கப்படும் இக்கேள்வி, அமெரிக்க இசை நாடகமொன்றிலும் எழுந்தது.

1927 டிசம்பர் 27ஆம் திகதி நியூயோர்க்கில் ‘ஷோ போட்’ அரங்கேறியது. எட்னா பேர்பரின் நாவலைத் தழுவி ஒஸ்கார் ஹமர்ஸ்டைன் எழுத, ஜெறோம் கேர்ன் இசையமைத்தார். அதில் வரும் ஜோ, மிசிசிப்பிக் கரையில் மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளி. கதையில் அவனுக்குப் பெரிய பங்கில்லை. ஆயினும் ‘ஓல் மான் றிவர்’ என்னும் பாட்டு அவனுடையது. மனிதர் துயரை அறியாது ஓடும் நதியைப் போல் தானும் இருக்கமாட்டோமா என்று அவன் ஏங்குகிறான். வாழ்வில் சலிப்பு, சாவில் அச்சம். அதுவே அவன் நிலை.

போல் றொப்சனை மனதிற்கொண்டே ஜோ படைக்கப்பட்டான். 1928இல் லண்டனிலும் 1932இல் நியூயோர்க்கிலும் மேடையில், பின்னர் 1936இல் திரையில், றொப்சன் ஜோவாகத் தோன்றினார். ஆனால் அவர் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய ஒருவரின் மகன். 1938இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின் களத்துக்கே சென்று, பாசிசத்தை எதிர்த்த வீரர்களுக்குப் பாடியவர். ஜோவின் சலிப்பை அவரால் எவ்வளவு காலம் சுமக்க முடியும்?

1930களின் பிற்பகுதியிலிருந்து தமது இசை நிகழ்ச்சிகளில் அவர் சொற்களை மாற்றினார். இனத்தை இழிவுபடுத்தும் சொல் போயிற்று. நதியைப் போலாக விரும்பியவன், அப்படியாக விரும்பாதவனானான். குடித்தவனுக்கு வந்த சிறை, துணிந்தவனுக்கு வந்தது. சலிப்பு இருந்த இடத்தில் சாகும்வரை போராடும் உறுதி நின்றது. மெட்டில் மாற்றமில்லை. மெட்டு உச்சத்துக்கு ஏறுமிடத்தில் மூலச் சொற்கள் தளர்ந்து விழும். றொப்சனின் சொற்களோ மெட்டோடு சேர்ந்து ஏறின.

ஹமர்ஸ்டைன் இதை விரும்பவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தளர்ந்த மனிதனின் புலம்பலும் ஒரு குற்றச்சாட்டே. நாடகத்துக்குள் அந்த ஜோவே பொருந்துவான். ஆனால் நாடகத்துக்கு வெளியே, மேடையில் தனித்து நின்று பாடிய கறுப்பு மனிதர் ஜோ அல்லர், றொப்சன். தாம் நம்பாத பணிவைத் தம் குரலால் பாட அவர் மறுத்தார்.

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். அவரது அரசியலுக்காக 1950இல் அமெரிக்க அரசு கடவுச்சீட்டைப் பறித்தது; 1958 வரை நாடே அவருக்குச் சிறையாயிற்று. 1957இல் லண்டன் ரசிகர்களுக்கு அவர் கடல் கடந்த தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். 1960 நவம்பரில் சிட்னி ஒப்பேரா மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர் நடுவே நின்றும் அதே நதியைப் பாடினார்.

ஹமர்ஸ்டைனின் ஜோ நாடகத்தில் இன்றும் வாழ்கிறான். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கும்போது பலர் காதில் முதலில் ஒலிப்பது றொப்சனின் குரல்தான்.